'மெர்சிடஸ்' என்று பெண்ணுக்குப் பெயர்: பொருள் கருணையா, கூலியா?

தறிநாடா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி. இழை தொடங்குவது இதுதான் முதல் முறை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனத்துக்குப் பெரு நாட்டின் லிமாவில் ஒரு கிளை உண்டு. அங்கிருந்து என்னோடு வேலை பார்க்கும் அம்மா ஒருவரின் பெயர் மெர்சிடஸ். ஐம்பதைத் தாண்டியவர். முதல் நாள் அறிமுகத்திலேயே என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கள் அப்பாவுக்குக் கார் என்றால் உயிரோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "கார்தான் எங்களிடம் பெயர் வாங்கியது" என்றார். அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டேன்.

போன செப்டம்பர் 24 அன்று குழுவில் ஆளாளுக்கு அவரை வாழ்த்தினார்கள். பிறந்த நாள் போலிருக்கிறது என்று நானும் ஒரு கேக் படத்தை அனுப்பினேன். பிறந்த நாள் இல்லையாம், பெயர் நாளாம். மாதாவின் திருநாளாம். அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் 'கருணைகள்' என்று போட்டிருக்கிறது. இன்னொரு பக்கம் 'கூலி'. மூன்றாவதில் 'பிணைப்பணம்'. ஒரு பெண் பெயருக்கு இப்படி மூன்று திசையில் பொருள் எப்படி வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டிமைனர் எழுதியது:

கார் விஷயம் என் பேட்டை, அதனால் முதலில் நான்.

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எமில் ஜெல்லினெக் என்று ஒரு ஆஸ்திரிய வியாபாரி. பிரான்ஸின் நீஸ் நகரத்தில் பணக்காரர்களுக்கு டைம்லர் கார் விற்றார். 1889இல் பிறந்த மகளை மெர்சிடஸ் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ராசியானது என்று மனிதருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. 1899இல் நீஸில் நடந்த கார்ப் பந்தயத்தில் தன் பெயரை மறைத்து 'மிஸ்யே மெர்சிடஸ்' என்ற பெயரில் பதிவு செய்துகொண்டார். அடுத்த வருஷம் 36 கார்களுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்தபோது, புது வண்டிக்கு மகளின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் வண்டி அது. 1901இல் நீஸில் பந்தயங்களை வாரிக்கொண்டு போனது. 1902இல் பெயர் வணிகக் குறியாகப் பதிவானது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி: 1903இல் அந்த அப்பா தன் பெயரையே ஜெல்லினெக்-மெர்சிடஸ் என்று மாற்றிக்கொண்டார். மகள் பெயரை அப்பா தரித்துக்கொள்வது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று வேறு சொல்லிக்கொண்டார். 1926இல் பென்ஸ் நிறுவனத்தோடு இணைந்த பிறகுதான் மெர்சிடஸ்-பென்ஸ். நம் ஊரில் பாருங்கள், அந்தப் பொண்ணு பெயரைக் கழற்றிவிட்டு வெறும் 'பென்ஸ்' ஆக்கிவிட்டோம்.

பாவம், அந்த மெர்சிடஸ் 1929இலேயே இறந்துவிட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

சொல்லேர் எழுதியது:

வண்டிமைனர் ஒன்றை விட்டுவிட்டார். ஜெல்லினெக் குடும்பம் யூதக் குடும்பம். எமிலின் தந்தை அடோல்ஃப் ஜெல்லினெக், வியன்னாவில் பேர்பெற்ற யூத குரு. அவருடைய பேத்திக்கு மாதாவின் பெயர்! எமில் இளவயதில் மொரோக்கோவில் டாஞ்சியர், டெத்துவான் பக்கம் தூதரக வேலையில் இருந்தவர், ஸ்பானியக் காற்று அங்கே அடித்திருக்கலாம். டெத்துவானைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். மூன்றும் சரி. மூன்றும் ஒரே சொல்லின் வெவ்வேறு வயது.

லத்தீனில் 'மெர்செஸ்' என்றால் கூலி. செய்த வேலைக்குக் கிடைக்கும் சம்பளம், அல்லது ஒன்றின் விலை. பண்டம் என்று பொருள்படும் 'மெர்க்ஸ்' இதற்கு உறவு. சந்தையைக் குறிக்கும் ஸ்பானிய 'மெர்காதோ'வும் அதே குடும்பம். ஆக, பிறப்பால் இது கடைத்தெருச் சொல்.

அதைக் கோயிலுக்குள் கொண்டுபோனது விவிலியம். லத்தீன் விவிலியத்தில் 'வேலையாள் தன் கூலிக்கு உரியவன்' என்ற இடத்திலும் இந்தச் சொல்தான். மலைப்பொழிவில் 'விண்ணுலகில் உங்கள் கைம்மாறு மிகுதி' என்ற இடத்திலும் இதேதான். தமிழில் நாம் ஒரு இடத்தில் கூலி, இன்னொரு இடத்தில் கைம்மாறு என்று பிரித்துவிடுகிறோம். லத்தீனுக்கு இரண்டும் ஒன்று. திருப்பித் தர வழியில்லாதவனுக்கு நீ உதவினால், அதற்கான கூலியைக் கடவுள் தருவார் என்று போதித்துப் போதித்து, கூலி மெல்ல வெகுமதியாகி, வெகுமதி தயவாகி, தயவு இரக்கமாகிவிட்டது. ஸ்பானிய 'மெர்செத்' அந்தக் கடைசிப் படியில் நிற்கும் சொல். அதன் பன்மைதான் மெர்செதெஸ்.

ஆகவே பெயரின் முழு வடிவம் 'மரியா தெ லாஸ் மெர்செதெஸ்'. தயவுகளின் மரியா. நாள் போக்கில் மரியா உதிர்ந்து, தயவுகள் மட்டும் மிஞ்சியது.

பாலாறு எழுதியது:

//கூலி மெல்ல வெகுமதியாகி, வெகுமதி தயவாகி//

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிணைப்பணம் எங்கே வந்தது? அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே ஐயா. விலை என்றால் எதற்கு விலை? ஆளுக்கு விலை என்றால் சொல்லிவிடுங்கள்.

சொல்லேர் எழுதியது:

குதிக்கவில்லை, மூச்சு வாங்கினேன்.

ஆமாம், ஆளுக்குத்தான் விலை. பதின்மூன்றாம் நூற்றாண்டு மத்திய தரைக்கடலை நினைத்துப் பாருங்கள். கடற்கொள்ளை, எல்லைச் சண்டை. பிடிபட்ட கிறிஸ்தவர்களை வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலும், அன்று முஸ்லிம் ஆட்சியில் இருந்த தென் ஸ்பெயினின் கிரனாதாவிலும் அடைத்து வைப்பார்கள். வசதியுள்ள வீட்டார் பணம் அனுப்பி மீட்பார்கள். இல்லாதவன் சங்கிலியோடு சாக வேண்டியதுதான்.

பார்சலோனாவில் பெரே நொலாஸ்க் என்று ஒரு வணிகர் இருந்தார். தன் காசைப் போட்டும் ஊரில் தண்டியும் இப்படிப்பட்டவர்களை மீட்டு வந்தார். பணம் தீர்ந்தது, கைதிகள் தீரவில்லை. 1218 ஆகஸ்டில் ஓர் இரவு மாதா தோன்றி இதற்கென்றே ஒரு சபை தொடங்கச் சொன்னதாக மரபு. அதே மாதம் 10ஆம் தேதி பார்சலோனாப் பேராலயத்தில், அரகோன் அரசன் முதலாம் ஜாவ்மே முன்னிலையில் சபை தொடங்கியது. அரசனுக்கு அப்போது பத்து வயது! 1235இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அங்கீகாரம் கொடுத்தார். வெள்ளை அங்கி, மார்பில் அரகோன் அரசின் பட்டைகளும் சிலுவையும் பதித்த கேடயம். இன்றும் அதே உடைதான்.

மற்ற துறவிகளுக்கு மூன்று வாக்குறுதி: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இவர்களுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. கொண்டுபோன பணம் போதாமல் போய், ஒரு கைதி தன் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைவிடும் நிலையில் இருந்தால், அவனை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நானே பிணையாக உட்காருவேன் என்று. பிச்சை எடுத்துப் பணம் சேர்த்து, கப்பலேறி, பேரம் பேசி, ஆட்களைக் கூட்டி வருவதுதான் அவர்கள் தொழில். அல்ஜியர்ஸ், துனிஸ், டெத்துவான் எல்லாம் அவர்கள் போய் வந்த ஊர்கள். டெத்துவானில் கைதிகளை அடைத்த நிலவறைகள் ஊருக்கு அடியில் இன்றும் இருக்கின்றன. ஜெல்லினெக் வேலை பார்த்த அதே டெத்துவான்.

இந்தச் சபையின் லத்தீன் பெயரைத் தமிழில் விரித்தால் 'சிறைப்பட்டோரை மீட்கும், மெர்செத்தின் கன்னி மரியாள் சபை' என்று வரும். அக்காலத்தில் கைதியை மீட்பதைவிடப் பெரிய தயவு வேறு எதுவும் இல்லை என்று நினைத்தார்கள், அதனால் 'மெர்செத்' என்றாலே அந்தக் காரியம்தான் என்றாயிற்று. கருணை, விலை இரண்டும் இந்த ஒரு இடத்தில் சந்திக்கின்றன. கருணை காட்ட வேண்டுமா, விலை கொடு.

வண்டிமைனர் எழுதியது:

அப்படியானால் அந்த டான் கிஹோத்தே எழுதிய செர்வாந்தெஸையும் இவர்கள்தானே மீட்டார்கள்? அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தார் என்று படித்த ஞாபகம்.

பாலாறு எழுதியது:

இல்லை. 1575இல் பிடிபட்டு ஐந்து வருஷம் அல்ஜியர்ஸில் இருந்தார், உண்மை. ஆனால் 1580இல் மீட்டது திரித்துவ சபையினர். அது 1198இலேயே தொடங்கிய வேறு சபை, தொழில் மட்டும் ஒன்று. இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு. மெர்செத் சபைக்கு வேண்டுமானால் திர்சோ தெ மோலினா உண்டு. நாடக ஆசிரியர், அந்தச் சபைத் துறவி.

எதிர்க்கேள்வி போட்டேனே தவிர இந்த வரலாறு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது. இந்த ஆள்பிடி வியாபாரம் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. கிறிஸ்தவக் கப்பல்களும் முஸ்லிம்களைப் பிடித்து வந்து விற்றன. பார்சலோனாவிலும் மயோர்காவிலும் அடிமைச் சந்தை இருந்தது. அவர்களுக்காக அங்கே ஒரு மாதா தோன்றினாளா என்று யாரும் கேட்பதில்லை.

சொல்லேர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். மறுக்க ஒன்றுமில்லை.

முக்கடல் எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், யாருமே எங்கள் ஊரைச் சொல்லவில்லையே!

கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கடற்கரையில், மீனவர் குடியிருப்புக்கு நடுவே, கூர்கோபுரத்தோடு வெள்ளை வெளேர் என்று ஒரு பெரிய கோயில். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகும்போது திரும்பிப் பார்த்தால் கரையில் தனித்துத் தெரியும். அதன் ஆங்கிலப் பெயர் 'அவர் லேடி ஆஃப் ரான்சம்'. மீட்பு விலையின் மாதா. ஐயா சொல்லும் பார்சலோனா மாதாவேதான். தமிழில் அலங்கார உபகார மாதா. நாங்கள் சுருக்கமாக உபகார மாதா என்போம்.

எங்கள் தெருவில் உபகாரம் என்று ஒரு பாட்டி இருந்தார். மீன் கூடையோடு நாகர்கோவில் வரை போய் வருவார். தறிநாடா, உங்கள் லிமா அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கு இங்கே ஒரு பெயர்த்தி இருந்திருக்கிறார் என்று. பேத்தி இல்லை, பெயர்த்தி :)

கேரளத்தில் கொச்சிப் பக்கம் வல்லார்பாடத்திலும் இதே மாதாதான். அங்கே திருநாள் சரியாகச் செப்டம்பர் 24.

தறிநாடா எழுதியது:

ஐயோ, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் இரண்டு முறை கன்னியாகுமரி வந்திருக்கிறேன். அந்தக் கோயில் வாசலில் நின்று படமே எடுத்திருக்கிறேன்!

ஆனால் ஒன்று புரியவில்லை. ஆங்கிலத்தில் மீட்பு விலை என்று இருக்க, தமிழில் ஏன் உபகாரம்? மொழிபெயர்ப்பில் எங்கோ நழுவிவிட்டதா?

பாலாறு எழுதியது:

நழுவித்தான் இருக்க வேண்டும். பிணைப்பணம் என்ற கறாரான சொல் எங்கே, உபகாரம் என்ற பொதுச்சொல் எங்கே. பொதுப்படையாக 'நல்லது செய்பவள்' என்று யாரோ மாற்றிவிட்டார்கள்.

சொல்லேர் எழுதியது:

இல்லை தம்பி, இந்த இடத்தில் நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

ஸ்பானியச் சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். 'மெர்செத்' என்றால் என்ன? ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தயவு, கொடை, நன்மை. அரசன் ஒருவனுக்கு நிலம் கொடுத்தால் அதற்கு 'மெர்செத்' என்றே பெயர். இதற்குத் தமிழில் கைக்கு வரும் சொல் எது? உபகாரம்! போர்ச்சுகீசிய 'மெர்சே'வும் இதே பொருள்தான். 'ரான்சம்' என்பது சபைப் பெயரின் பின்பாதியில் இருக்கும் 'சிறைப்பட்டோரை மீட்கும்' என்ற பகுதியிலிருந்து எடுத்தது. அதாவது ஆங்கிலம் மாதா என்ன காரியம் செய்தாள் என்று சொல்கிறது, தமிழ் மாதாவின் பெயரையே சொல்கிறது. மூலத்துக்கு ஒட்டி நிற்பது கன்னியாகுமரிதான், லண்டன் இல்லை.

அந்தக் கூடைக்காரப் பாட்டியின் பெயரை ஸ்பானியத்தில் சொல்லச் சொன்னால் ஒரு நொடி யோசிக்காமல் மெர்செதெஸ் என்பேன்.

பாலாறு எழுதியது:

சபைப் பெயரைத் திரும்பப் போய்ப் படித்தேன். பின்வாங்குகிறேன். என்றாலும் ஒரு சின்னக் குறை: உபகாரம் ஒருமை, மெர்செதெஸ் பன்மை.

சொல்லேர் எழுதியது:

விடமாட்டீர்களே! 'தெ லா மெர்செத்' என்று ஒருமையிலும் உண்டு. பார்சலோனாவின் சொந்த மொழியான கட்டலானில் பெண் பெயரே 'மெர்சே', ஒருமை. மெர்சே என்று பெயர் வைத்த பெண்கள் அங்கே ஏராளம். ஊர்த் திருவிழாவுக்கும் அதே பெயர். 1687இல் வெட்டுக்கிளி படையெடுத்தபோது நகர மன்றம் இந்த மாதாவிடம் முறையிட்டு, அவளை ஊர்க் காவலியாக ஏற்றது. அதற்கு முன்பிருந்தே காவலியாக இருந்தவள் புனித யூலாலியா. இப்போதும் மெர்சே விழா சமயத்தில் மழை பெய்தால், யூலாலியா பொறாமையில் அழுகிறாள் என்பார்கள். செப்டம்பர் கடைசியில் அங்கே மழை பெய்யாமல் இருப்பதுதான் அதிசயம்.

உப்பளம் எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஆட்களின் பெயரையெல்லாம் ஸ்பானியத்தில் மாற்றிப் பார்த்தேன், தூக்கம் போச்சு.

எங்கள் அத்தை பனிமயம். ஊர்க் கோயில் பனிமய மாதா, திருநாள் ஆகஸ்ட் 5. ஸ்பானியத்தில் இது 'நியெவெஸ்', பனிகள் என்று பன்மை. பெயர் நாளும் அதே ஆகஸ்ட் 5. இன்னொரு அத்தை வியாகுலம். அவர் 'தோலோரெஸ்', வியாகுலங்கள். ஏழு வியாகுலம் என்பதால் பன்மை போல. செபமாலை என்றால் 'ரொசாரியோ'. அமலோற்பவம் என்றால் 'இன்மாகுலாதா', அவளுக்கே இன்னொரு பெயர் 'கொன்செப்சியோன்'. சகாயம் 'சொக்கோர்ரோ'. அடைக்கலம் என்றால் 'அம்பாரோ'. பரலோக மேரி 'அசுன்சியோன்'. ஆரோக்கிய மேரிக்குக்கூட 'மரியா தெ லா சாலுத்' இருக்கிறது.

வெளி ஆட்கள் எங்கள் பெயரைக் கேட்டுவிட்டு "வியாகுலம்னா துக்கம்தானே, அதைப் போய்ப் பிள்ளைக்கு வைப்பாங்களா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் அத்தை இதற்காக அழுதிருக்கிறார். இனி யாராவது கேட்டால் ஸ்பெயின் முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிடலாம். அங்கே துக்கம், தனிமை, பனி, தூண் எல்லாமே பெண் பெயர். தனிமைக்கு 'சொலெதாத்', தூணுக்கு 'பிலார்'. சரகோசாவில் மாதா ஒரு தூணின் மேல் நின்று காட்சி தந்ததாக மரபு, அதனால் பெண்ணுக்குத் தூண் என்று பெயர். வியாகுலம் எவ்வளவோ தேவலை!

இன்னொன்று கேட்க வேண்டும். என் தங்கை பெயர் மெர்சி. எங்கள் தெருவில் மட்டும் நாலு மெர்சி. அதுவும் இதுதானா?

சொல்லேர் எழுதியது:

உங்கள் பட்டியலுக்கு ஒரு பெரிய வணக்கம் அம்மா. நான் புத்தகத்தில் தேடியதை நீங்கள் வீட்டுக்குள்ளேயே எடுத்துவிட்டீர்கள்.

மெர்சி அதே வேர்தான், வந்த வழி வேறு. லத்தீன் 'மெர்செஸ்' பழைய பிரெஞ்சில் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் இரக்கம் என்ற பொருளில் 'மெர்சி' ஆயிற்று. அது குணத்தின் பெயர், மாதாவைச் சுற்றி வந்ததில்லை, அதனால் புராட்டஸ்டண்டு வீடுகளிலும் தாராளமாக வைப்பார்கள். மெர்செதெஸ் அப்படி இல்லை, மாதா இல்லாமல் அந்தப் பெயரே கிடையாது. உங்கள் தங்கையும் லிமா அம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ன்நதி எழுதியது:

வணக்கம் உறவுகளே. பாரிசில் இருந்து எழுதுறன். வந்து இருபத்தைந்து வருசமாச்சு. ஒரு நாளைக்கு நூறு தரம் 'மெர்சி' சொல்லுறம். இங்க அது நன்றி. இரக்கம் எப்பிடி நன்றி ஆனது எண்டு ஒருக்காலும் யோசிச்சதில்லை. ஆராவது விளங்கப்படுத்துவியளோ?

சொல்லேர் எழுதியது:

இதற்கு விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது: நன்றி என்ற சொல்லைப் பாருங்கள்.

குறளில் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரம். அங்கே நன்றி என்றால் இன்று நாம் சொல்லும் நன்றி இல்லை. ஒருவர் நமக்குச் செய்த நன்மை, உதவி. செய்த நன்றியை அறிதல் வேறு வேலை, அதற்கு வள்ளுவர் தனியாக ஒரு சொல் போட வேண்டியிருக்கிறது. காலப்போக்கில் நாம் 'அறிதல்' என்பதை விட்டுவிட்டு, 'நன்றி' என்பதையே அறிந்ததற்கு அடையாளமாக்கிவிட்டோம். செய்த உபகாரத்தின் பெயரைச் சொல்வதே அதற்குப் பதில் மரியாதை ஆகிவிட்டது.

பிரெஞ்சு 'மெர்சி'யும் அப்படித்தான். முதலில் நீங்கள் எனக்குச் செய்த தயவு. பிறகு அந்தத் தயவுக்கு நான் சொல்லும் சொல். இரண்டு மொழிக்கும் தொடர்பே கிடையாது, ஆனால் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. நாற்பது வருஷம் மொழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே ஓய்வு பெற்ற பிறகுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்பானியத்தில் மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தெத்' என்பார்கள். அது 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்பதன் தேய்வு. தங்கள் தயவு என்று பொருள். வேகமாகச் சொல்லிச் சொல்லிப் பதினேழாம் நூற்றாண்டில் உஸ்தெத் ஆகிவிட்டது. எதிரில் நிற்பவரை இப்படிக் கூப்பிட்டாலும் வினைச்சொல் படர்க்கையில்தான் வரும். பழைய ஆட்கள் எதிரில் இருப்பவரையே பார்த்து "ஐயா சாப்பிட்டாரா?" என்று கேட்பார்களே, அதே பணிவு. தறிநாடா, உங்கள் லிமா அம்மாவை நீங்கள் 'உஸ்தெத்' என்று அழைத்தால், அவர் பெயரில் பாதியை வைத்தே அவரை அழைத்ததாகும்.

பாலாறு எழுதியது:

லத்தீன் அமெரிக்கா பற்றி யாரும் எழுதவில்லையே. மெர்செதெஸ் என்ற பெயர் அங்கே ஊன்றிய கதை தனி. ஸ்பானியர்களோடு இந்தத் துறவிகளும் கப்பலேறினார்கள். வட ஆப்பிரிக்காவில் போல மீட்கக் கைதிகள் இல்லாத கண்டத்தில் மாதாவுக்கு வேறு வேலைகள் வந்து சேர்ந்தன.

அர்ஜென்டினாவில் 1812 செப்டம்பர் 24, சரியாக அவள் திருநாளன்று, துக்குமான் போர். மனுவெல் பெல்கிரானோ ஸ்பானியப் படையை வென்றார். வென்ற கையோடு மாதாவைப் படைத் தளபதியாக அறிவித்து, தன் தளபதிக் கோலைச் சிலையின் கையில் கொடுத்துவிட்டார். ஸ்பெயினிலிருந்து வந்த மாதா, ஸ்பெயினுக்கு எதிரான படைக்குத் தளபதி! பாடகி மெர்செதெஸ் சோசா 1935இல் பிறந்தது அதே துக்குமானில்தான். பெருவில் இன்றும் அவள் படைகளின் காவலி. கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் இவளை ஒபதாலா என்ற தங்கள் தெய்வத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒபதாலாவுக்கு நிறம் வெள்ளை, இவளுக்கும் வெள்ளை ஆடை. விலைக்கு விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கையில் இந்த மாதா போய்ச் சேர்ந்தாள் பாருங்கள், நான் மேலே கேட்ட கேள்விக்கு ஏதோ பாதி பதில் மாதிரி இருக்கிறது.

ஸ்பெயினில் சிறைச்சாலைகளுக்கும் இவள்தான் காவலி. செப்டம்பர் 24 அன்று சிறைகளில் விழா நடக்கும். இது மட்டும் பழைய வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறது.

வண்டிமைனர் எழுதியது:

அரச குடும்பத்திலும் ஒரு மெர்செதெஸ் உண்டு. பன்னிரண்டாம் அல்போன்சோவின் ராணி. 1878 ஜனவரியில் காதல் கல்யாணம், ஜூனில் இறந்துவிட்டார். பதினெட்டு வயது நிறைந்து இரண்டே நாள். மாத்ரித்தின் அல்முதேனா பேராலயத்தில் இப்போது அவர் கல்லறை இருக்கிறது. பெரியவர் எழுதுவதற்கு முன் நான் எழுதிவிட வேண்டும் என்று ஓடி வந்தேன்.

தறிநாடா எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டு இன்று காலை அழைப்பில் அவரிடம் சொன்னேன். கேட்டதை அப்படியே இங்கே போடுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. நாம் மெர்சிடிஸ், மெர்சிடஸ் என்று இழுப்பது தப்பாம். லிமாவில் 'மெர்செதெஸ்', அழுத்தம் நடுவில் 'செ' மேல் விழ வேண்டும். நம் 'அது' என்பதில் வரும் 'து' மாதிரி அந்தத் 'தெ' மென்மையாக வர வேண்டும். நான் சொன்னதும், "இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாய் இந்த நாக்கை?" என்று கேட்டார். ஸ்பெயினில் நடுவிலுள்ள 'செ'யை நாக்கைப் பல்லுக்கு இடையில் வைத்துச் சொல்வார்களாம், எனக்கு வரவில்லை.

வீட்டில் அவரை 'மெச்சே' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஸ்பெயினாக இருந்தால் 'மெர்ச்சே'. தமிழில் மெச்சு என்றால் பாராட்டு என்றேன், ரொம்பப் பிடித்துவிட்டது அவருக்கு. (சொல்லேர் ஐயா, தொடர்பு எதுவும் இல்லை என்று எனக்கே தெரியும், அடிக்க வராதீர்கள்.)

அவருடைய பாட்டிக்கும் இதே பெயராம். அந்தக் காலத்தில் எந்தத் திருநாளில் பிறக்கிறதோ அந்தப் பெயர், பாட்டி பிறந்தது செப்டம்பர் 24. இவர் பிறந்தது மார்ச்சில். பாட்டி பெயர் விட்டுப்போகக் கூடாது என்று வைத்தார்களாம். இதைக் கேட்டபோது நம் வீட்டுப் பேரன் பேத்தி வழக்கம்தான் ஞாபகம் வந்தது.

கன்னியாகுமரிக் கோயிலைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் "கடலைப் பார்த்தா நிற்கிறாள்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எடுத்த பழைய படத்தைத் தேடினேன், அதில் கோயிலைவிட என் முகம்தான் பெரிதாக இருக்கிறது. முக்கடல் அண்ணே, முடிந்தால் ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? உள்ளே மாதா சிலையும் வேண்டும் என்கிறார்.

முக்கடல் எழுதியது:

இது என்ன பெரிய காரியம். ஞாயிறு முதல் பூசைக்குப் போவேன், வெயில் ஏறும் முன் எடுத்துவிடுகிறேன். படகுத்துறைப் பக்கமிருந்து ஒன்று, உள்ளே ஒன்று. உபகாரம் பாட்டியின் மகளிடம் பழைய படம் இருக்கிறதா என்றும் கேட்கிறேன், கூடையோடு எடுத்தது ஒன்று சுவரில் மாட்டியிருந்த ஞாபகம்.

தறிநாடா எழுதியது:

அவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு எங்களுக்குக் காலை என்றால் அவருக்குச் சனி இரவு. விழித்திருப்பாராம்.